திருப்பி எழுதாத பையன்

அன்புள்ள ஐயா,

நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு கதையைக் கேட்டால் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வான். கேள்வி கேட்டால் முதல் ஆளாகக் கை தூக்குவான். புத்தகத்தைப் பிரித்தால் மட்டும் உடனே தண்ணீர் தாகம் வந்துவிடும். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அது உள்ள குழந்தைகள் எழுத்துகளை இடவலமாகத் திருப்பி எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் அப்படி எழுதுவதில்லை. அப்படியானால் இவனுக்கு அது இல்லைதானே?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. எழுதப் பழகும் வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு எழுத்தையாவது கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதும். பூனை எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் பூனைதான் என்று பழகிய மூளைக்கு, பக்கம் மாறினால் எழுத்தே வேறாகிவிடும் என்பது புதுச் செய்தி. பழகப் பழகச் சரியாகிவிடும்.

டிஸ்லெக்சியாவைக் கண்ணின் கோளாறு என்று சந்தேகிக்கும் பழக்கம் பழையது. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 749ஐ 867ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கியவன், சொந்தப் பெயரில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான்; சுட்டிக்காட்டும்வரை அது தவறென்றும் அவனுக்குத் தெரியவில்லை. பாடம் முழுக்க வாய்வழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். உங்கள் பையனின் அண்ணன் போலிருக்கிறான். மார்கன் இதைச் ‘சொற்குருடு’ என்றார். அந்தப் பெயர் மறைந்தும் கண்மேல் விழுந்த பழி மறையவில்லை.

சிக்கல் பெரும்பாலும் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பிடிப்பதில்தான் இருக்கிறது. காது நன்றாகக் கேட்கும். கேட்ட சொல்லை உடைத்துப் பார்ப்பதுதான் வராது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவனிடம் பேசிப் பாருங்கள். ‘கடல்’ என்பதில் ‘க’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ‘பட்டம்’, ‘சட்டம்’, ‘கிளி’ ஆகியவற்றில் எது ஒட்டாமல் நிற்கிறது? வகுப்பில் மற்றவர்கள் விளையாட்டாகச் சொல்லும்போது இவன் மட்டும் திணறினால் குறித்துக்கொள்ளுங்கள். நன்கு தெரிந்த பொருள்களின் படங்களை வரிசையாகக் காட்டினால் பெயர்கள் தயங்கித் தயங்கி வருகின்றனவா என்றும் பாருங்கள்.

தமிழில் இன்னொரு வலை இருக்கிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் நம் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஒழுங்கானது. இத்தகைய எழுத்துமுறைகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட மந்தமான வேகமாகவே அதிகம் வெளிப்படுகிறது. பிள்ளை சரியாகத்தான் வாசிக்கும். ஆனால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, வரி முடிவதற்குள் வரியின் தொடக்கத்தை மறந்துவிடும். ‘சொ’ போன்ற எழுத்தில் கண்ணில் முதலில் படுவது கொம்பு, அதன் ஒலியோ கடைசியில்தான் வர வேண்டும். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர் இந்தப் பிள்ளையைத் தவறவிட்டுவிடுவார்.

நானே ஏமாந்திருக்கிறேன். என் அக்கா மகள் ஆறு வயதில் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். பாராட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் அவள் திருப்பவே இல்லை. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே விரலை நகர்த்தி அந்தச் சொல்லுக்கு வந்துசேர்ந்தாள். அத்தனை வேலை செய்கிற குழந்தையைச் சோம்பேறி என்பவர்கள்மீது எனக்கு அன்றிலிருந்து கோபம்தான்.

பெற்றோரிடம் பேசும்போது, குடும்பத்தில் வேறு யாராவது வாசிக்கச் சிரமப்பட்டார்களா என்று கேளுங்கள். இது பரம்பரையாக வருவதுண்டு. அப்பாக்கள் பலர் அங்கேதான் திடீரென்று மௌனமாவார்கள். கண், காது பரிசோதனை முதலில் முடியட்டும். டிஸ்லெக்சியாதானா என்று முடிவு செய்வது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. அதற்கு உளவியலாளரும் சிறப்புக் கல்வியாளரும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல், ஒலியையும் எழுத்தையும் இணைத்துச் சிறிது சிறிதாகக் கற்பிக்கத் தொடங்கிவிடலாம். குறைபாடு இல்லையென்றாலும் அதனால் நட்டமில்லை. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று இரண்டு வருடம் விட்டுவிட்டால்தான் நட்டம்.

அதுவரை வகுப்பில் அவனைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசித்தே ஆகவேண்டுமென்றால், எந்தப் பத்தி என்பதை முந்தின நாளே அவனிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.