பெட்டா மீன் மூலையிலேயே ஒதுங்குதா? தண்ணி வேகத்தைக் குறைங்க

தொட்டி விளிம்புல தொங்கும் ஃபில்டர் மாட்டினதிலிருந்து உங்க பெட்டா செடிக்குப் பின்னாடியே ஒளியுது, நீந்தினா இழுத்துட்டுப் போகுதுன்னு எழுதியிருந்தீங்க. நீள வால், ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது.

அதுக்காக ஃபில்டரை நிறுத்திடாதீங்க; அதுல இருக்குற நல்ல பாக்டீரியா செத்து, மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறும். ஃபில்டர்ல வேகத் திருகு இருந்தா முழுக்கக் குறைங்க. தண்ணி விழுற வாயில ஃபில்டர் ஸ்பான்ஞ்ச் துண்டு ஒண்ணு செருகுங்க, கொட்டாம கசியணும். உறிஞ்சுற குழாய்க்கும் ஒண்ணு, இல்லைன்னா வால் சிக்கும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஞ்ச் வேண்டவே வேண்டாம்! அப்புறம் ஒரு உணவு மணியைப் போட்டுப் பாருங்க. அது ஓடாம மெல்ல மிதந்தா போதும்.

சரிவரலைன்னா சிங்கப்பூர் செராங்கூன் நார்த் மீன் கடைகள்ல ஸ்பான்ஞ்ச் ஃபில்டரும் சின்ன ஏர் பம்பும் வாங்கிடுங்க. புதுசுலயும் நல்ல பாக்டீரியா வளர, சில வாரம் ரெண்டையும் சேர்த்து ஓட்டிட்டுப் பழசைக் கழட்டுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை, ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடுற அறையா இருந்தா மட்டும் யோசிங்க.