சாப்பிட்டு முடித்த பிறகும் ஓடும் கணக்கு

மதுரையிலிருந்து 23 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லூரி விடுதியில் இருந்தபோது அவருக்கு அனோரெக்சியா என்ற உணவுக் கோளாறு, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை மிகவும் குறைத்துக்கொள்ளும் நோய் வந்தது. வீட்டாருக்குத் தெரியவந்து, ஒன்பது மாதமாகச் சிகிச்சையில் இருக்கிறார். உடல் தேறி வருகிறது என்று மருத்துவரும் சொல்கிறார். "ஆனால் தலைக்குள் இருக்கும் இரைச்சல் மட்டும் குறையவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு சாப்பிட்டேன் என்று கணக்கு ஓடுகிறது. 'இப்பதான் பூசினாப்ல அழகா இருக்கே' என்று அத்தை சொன்ன ஒரு வார்த்தை மூன்று நாள் தூங்க விடவில்லை. இந்த எண்ணங்களை எப்படி நிறுத்துவது? இவை வருகின்றன என்றால் நோய் திரும்புகிறது என்று அர்த்தமா? அடுத்த மாதம் அக்கா கல்யாணம் வேறு. நினைத்தாலே பயமாக இருக்கிறது" என்கிறார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. எண்ணங்களைவிட அந்தப் பயம்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. எண்ணம் வருவதாலேயே நோய் திரும்பிவிட்டதாக அர்த்தமில்லை. அது சொன்னபடி நீங்கள் நடக்கத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு வேளையைத் தவிர்ப்பது, தட்டில் எடுத்ததை மறைப்பது, 'சாப்பிட்டுவிட்டேன்' என்று பொய் சொல்வது போன்றவை அப்படிப்பட்டவை. இந்த நோயில் உடல் முதலில் தேறும், மனம் பின்னால்தான் வரும். இடைப்பட்ட மாதங்கள் கடினமானவை. வெளியே பார்ப்பவர்கள் 'சரியாகிவிட்டாள்' என்று நினைக்கும்போது உள்ளே இரைச்சல் உச்சத்தில் இருக்கும். நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 1944–45இல், இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அதில் சேர்ந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு உணவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. யாருக்கும் உணவுக் கோளாறு கிடையாது, ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. ஆனாலும் அவர்கள் பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடாகிவிட்டது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தை மணிக்கணக்கில் பிசைந்துகொண்டிருந்தார்கள். உங்களுக்கு முக்கியமானது இதற்குப் பிறகு நடந்ததுதான். மறுபடி சாப்பாடு கொடுக்க ஆரம்பித்ததும் அந்த நினைப்பு நிற்கவில்லை. பலருக்கு அது சரியாவதற்கு மாதக்கணக்கில் ஆனது.

உங்கள் தலைக்குள் ஓடும் கணக்கிலும் ஒரு பகுதி, பட்டினி கிடந்த உடல் இன்னும் நம்பிக்கை வராமல் கேட்கும் கேள்விதான். 'அடுத்த வேளை நிச்சயம் உண்டா?' என்று அது கேட்கிறது. வார்த்தையால் சமாதானம் சொன்னால் உடலுக்குக் கேட்காது. நேரத்துக்குச் சாப்பாடு வந்தால்தான் நம்பும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமை என்று உங்கள் மருத்துவக் குழு திட்டம் கொடுத்திருந்தால், எண்ணங்களுக்கான முதல் மருந்து அதுதான். பசித்தால் சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில் பசி உணர்வே தடுமாறிப்போயிருக்கும். கொஞ்ச நாளைக்குக் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

சரி, எண்ணத்தை எப்படி நிறுத்துவது? நிறுத்த முடியாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் அதையே சோதனையாகச் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லி, நினைப்பு வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது.

அடக்குவதைப் போலவே வாதாடுவதும் உதவாது. 'நான் குண்டாகவில்லை, மருத்துவரே சொன்னார்' என்று நீங்கள் ஒன்று சொன்னால், நோய் பதிலுக்கு இரண்டு சொல்லும். நடுவர் இல்லாத பட்டிமன்றம் அது. தீர்ப்பு வரவே வராது, நீங்கள்தான் களைத்துப்போவீர்கள்.

நம் மொழியில் பசி வருகிறது, தும்மல் வருகிறது, தூக்கம் வருகிறது என்கிறோம். அதேபோல எண்ணமும் 'வருகிறது'. நீங்கள் அழைத்து வந்ததல்ல, அது நீங்களும் அல்ல. 'நான் அதிகம் சாப்பிட்டுவிட்டேன்' என்று தோன்றும்போது, 'அதிகம் சாப்பிட்டுவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு வந்திருக்கிறது' என்று முழு வாக்கியமாக மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் வாய்விட்டே சொல்லுங்கள். முதல் வாரம் செயற்கையாகத்தான் இருக்கும். பழகப் பழக அந்த எண்ணத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கை அளவு இடம் கிடைக்கும். எண்ணம் இருக்கும்போதே அடுத்த வாய் எடுக்க அந்த இடம் போதும்.

எனக்குத் தெரிந்தவரை மிகக் கடினமான நேரம் சாப்பிட்டு எழுந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம். அப்போது அறைக்குள் தனியாகப் போகாதீர்கள். கைப்பேசியும் வேண்டாம், அது நேராக உடம்பைப் பற்றிய வீடியோக்களுக்குள் கொண்டுபோய் விடும். கைக்கும் கண்ணுக்கும் சேர்த்து வேலை வேண்டும், பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். உங்கள் ஊரில் மல்லிகைக்கா பஞ்சம்? அம்மாவோடு உட்கார்ந்து பூக் கட்டுங்கள். தாயம் ஆடுங்கள், தம்பியோடு சீட்டு விளையாடுங்கள். கவனத்தைத் திருப்பினால் எண்ணம் ஓடிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. சாப்பிட்டதை ஈடுகட்ட வேண்டும் என்ற உந்துதல் அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். நீங்கள் எதுவும் செய்யாமல் அது இறங்குவதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், அடுத்த அலை கொஞ்சம் சிறிதாகத் தெரியும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், நீங்கள் எழுதவில்லை. ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடி பார்க்கிறீர்கள்? மணிக்கட்டை விரலால் சுற்றிப் பார்ப்பது, வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பது, பழைய சுடிதாரைப் போட்டுப் பார்ப்பது உண்டா? சோதித்த அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் நோய்க்கு இரை. அரை மணியில் சந்தேகம் திரும்பவும் வரும், முன்னைவிடப் பலமாக. ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் தள்ளிப்போடுங்கள். எடை பார்க்கும் இயந்திரம் மட்டும் இன்றைக்கே வீட்டைவிட்டுப் போகட்டும். எடை பார்ப்பது மருத்துவர் வேலை. இந்தப் பதிலில் எடையையோ கலோரியையோ எண்ணாக எங்கும் நான் எழுதாததும் வேண்டுமென்றேதான்.

விரதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி என்று இந்த நோய் பக்தியின் வேடத்தில் வரும்போது வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள், பெருமைகூடப் படுவார்கள். குணமாகும் காலத்தில் உங்களுக்கு விரதம் வேண்டாம். உடம்பு முடியாதவர்களுக்கு விரதம் இல்லை என்று நம் பெரியவர்களே சொல்வார்கள். விளக்கேற்றுங்கள், கோயிலுக்குப் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, நெஞ்சுவலி, கால் வீக்கம், சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் இவற்றில் எது இருந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நோயில் இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும், வெளியே தெரியாது. உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு 1926. அப்புறம், சாப்பாட்டோடு நில்லாமல் பூட்டு, சுத்தம், எண்ணிக்கை என்று மற்ற விஷயங்களிலும் எண்ணம் சுழன்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் பலருக்கு இதோடு சேர்ந்தே இருக்கும், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

இனி அக்கா கல்யாணம். போங்கள். ஆனால் தயாராகப் போங்கள். ரவிக்கை அளவெடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவை முன்பே தையல்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். நெருங்கிய சொந்தங்களிடமும் அம்மாவே பேசட்டும்: "அவ உடம்பைப் பத்தி நல்லதாவும் சொல்ல வேண்டாம், கெட்டதாவும் சொல்ல வேண்டாம்." அத்தை பாசத்தில்தான் சொன்னார், ஆனால் பாராட்டும் இந்த நோயின் காதில் வேறு மாதிரி விழும் என்று அவருக்குத் தெரியாது. அதையும் மீறி யாராவது ஆரம்பித்தால், "அதை விடுங்க அத்தை, மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிட்டு நகர்ந்துவிடலாம். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பந்தி இருக்கிறதே என்று காலைச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பந்தியில் நிலைமை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். இலையில் எதை, எவ்வளவு வைத்துக்கொள்வது என்று முதல் நாளே உங்கள் உணவு ஆலோசகரோடு பேசி வையுங்கள். பரிமாறுபவர் கூடுதலாக வைத்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாம், தவறில்லை. திட்டத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டாலும் அதைச் சரிக்கட்ட வேண்டியதில்லை. மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இட்லி.