பதில்: தெருக்கூத்துக் குழுவுக்கு நிதியுதவி

வணக்கம் ஐயா. செய்யாறு பக்கத்திலுள்ள உங்கள் கூத்துக் குழுவுக்கு மத்தளமும் அணிகலன்களும் வாங்கவும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்தவும் சேர்த்து ஒரே மனு கொடுத்ததாகவும், அது திரும்பி வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். என் கணிப்பில், இரண்டையும் ஒன்றாகக் கேட்டதுதான் சிக்கல்.

இசைக்கருவிகளும் ஆடை அணிகலன்களும் வாங்கக் கலைஞர்களுக்கு உதவுவது சென்னையிலுள்ள தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். பயிற்சிக்குத் தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தை அணுகுங்கள். அதன் குரு சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில் வாத்தியாருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் மாணவர்களுக்கும் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு என்பதால், அடவும் பாட்டும் படிய மாதக்கணக்கில் எடுக்கும் கூத்துக்கு, இரண்டு நாள் முகாமைவிட அதுவே பொருந்தும்.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் மானியத்தைக் குழுவாகக் கேட்பதானால், பெரும்பாலும் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய ஏழு உறுப்பினர்கள் போதும். (பல குழுக்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகின்றன.)

செலவு மதிப்பீட்டில் 'ஒப்பனைப் பொருட்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். கிரீடம், புஜகீர்த்தி (தோளில் அணியும் அணி), மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதிக்க ஆகும் கூலியைத் தனித்தனியாகக் காட்டி, செய்து தருபவரின் விலைப்புள்ளியையும் இணைத்தால், கூத்தையே பார்த்திராத அதிகாரிக்கும் கணக்கு விளங்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்கள் அதன் நகலையும் சேர்த்துக்கொள்ளட்டும்.