கரண்ட் போனால் கர்த்தரும் போய்விடுவாரா?

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு இசை எழும்பும்போது தேவப்பிரசன்னத்தை உணர்ந்து அழுதுவிடுகிறேன். திங்கட்கிழமை ஆபீசில் ஒன்றுமே உணர முடியவில்லை. என் விசுவாசத்தில் குறையா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: குறை கிடக்கட்டும், அந்தக் கீபோர்டுக்கு வருவோம். போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் கீபோர்டு தம்பி ஒரு ஸ்வரத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். 'கர்த்தர் இங்கே அசைவாடுகிறார்' என்று போதகர் குரலை உயர்த்த, தம்பி வால்யூமை உயர்த்துவார். நடுவில் கரண்ட் போய்விட்டால்? ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும் வரை சபையில் இருமல் சத்தம்தான். அதுவரை அசைவாடியது யார், மின்வாரியமா?

வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாட்டிமார் கையால் தாளம் தட்டியே பாடி முடிப்பார்கள். பிளக் பாயிண்ட் தேடமாட்டார்கள். முன்பு இதை எழுதியதற்குக் கீழ்ப்பாக்கம் வாசகர் ஒருவர் என்னைப் பழம் பஞ்சாங்கம் என்று பக்கம் பக்கமாகத் திட்டினார். திட்டட்டும். எலியா தீர்க்கதரிசி என் கட்சி. ஓரேப் மலையில் பெருங்காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி எல்லாம் வந்தன. இன்றைய மேடையோடு ஒப்பிட்டால் புகை மெஷின் ஒன்றுதான் குறை. அவை ஒன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை என்கிறது 1 இராஜாக்கள் 19. பிறகு வந்தது 'அமர்ந்த மெல்லிய சத்தம்'.

உங்கள் கண்ணீரைப் பொய் என்று சொல்லவில்லை, தாயே. அதையே தராசாக்கித் திங்கட்கிழமையை நிறுக்காதீர்கள். பெத்தேலில் விழித்தெழுந்த யாக்கோபு, 'மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார். இதை நான் அறியாதிருந்தேன்' என்றான். அவன் அறியாதபோதும் அவர் அங்கேதான் இருந்தார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது உலகமே திகைத்தது: பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலே கொல்கத்தாவில் ஊழியம் செய்திருக்கிறார். அவர் விசுவாசத்தில் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

1821-இல் திறக்கப்பட்ட எழும்பூர் கிர்க் ஆலயத்தை, மண் இளகலாக இருந்ததால் கிணறு கிணறாக அடித்தளம் இறக்கிக் கட்டினார்கள். உள்ளே பாடுகிற யாருக்காவது காலடியில் கிணறு தெரிகிறதா? அன்று மண்ணைப் பார்த்துக் கட்டினார்கள், இன்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்... வேண்டாம், அந்தக் கோபத்துக்கு வேறு யாராவது கேள்வி அனுப்புங்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்றொரு சகோதரர் இருந்தார். அவருக்குச் சமையலறை என்றாலே ஆகாது. அங்கேதான் போட்டார்கள், அதுவும் பல வருடம். பாத்திரங்களுக்கு நடுவிலேயே கடவுளோடு பேசிக்கொண்டிருந்தார். உணர்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை, பேசினார், அவ்வளவுதான். தப்புச் செய்துவிட்டால், 'என்னைத் தனியே விட்டால் இப்படித்தான் செய்வேன், நீர்தான் தடுக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வாராம். ஆபீசில் எரிந்து விழுந்துவிட்டால் நீங்களும் கடவுளிடம் அப்படியே சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுங்கள். மேனேஜருக்கு மட்டும் வேறு பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.