குலத்தின் தலையில் குற்றத்தை எழுதலாமா? – விக்கி தொகுப்பாளர்களுக்கான கேள்வி பதில்

தமிழ் விக்கிப்பீடியாவில் சமூகங்களைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுக்கும்போது வரும் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குற்றத்தைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு சமூகத்தின் கட்டுரையில் "இவர்களின் குலத்தொழில் திருட்டு" என்று இருக்கிறது. எட்கர் தர்ஸ்டனின் நூலை மேற்கோளாகவும் கொடுத்திருக்கிறார்கள். மேற்கோள் இருந்தால் சரிதானே?

சரியில்லை. தர்ஸ்டன் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மூக்கின் நீள அகலத்தை அளந்து மக்களை இனம் பிரித்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளில் போலீஸ் அதிகாரிகளின் குறிப்புகள் பல இடங்களில் அப்படியே வருகின்றன. அன்றைய ஆங்கிலேய அதிகாரிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. அந்த மக்கள் யார் என்பதற்கு அது சான்றாகாது. "தர்ஸ்டன் 1909-இல் இவ்வாறு விவரித்தார்" என்று, சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதுங்கள். அப்புறம், பிற்கால ஆய்வு என்ன சொல்கிறது என்பதை அடுத்த வரியிலேயே கொடுங்கள்.

குறவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒரு பிரிவினர் கடற்கரை உப்பைப் பொதிமாட்டில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள். இன்றும் 'உப்புக் குறவர்' என்ற பெயர் இருக்கிறது. ஆங்கிலேய அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்த வியாபாரத்தை அழித்ததை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். பிழைப்பு போய் ஊர் ஊராகத் திரிந்தவர்களைத்தான் அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 'குலத்தொழில்' என்ற ஒரு சொல் இவ்வளவையும் மறைத்துவிடுகிறது.

கேள்வி: அப்படியென்றால் அந்தப் பகுதியையே நீக்கிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். நடந்த கொடுமையும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக அறிவித்த ஆங்கிலேயரின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே வந்தது, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நம் ஊர்ப் பக்கம் அதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுக்க 1952-இலும் சட்டம் நீங்கியது. இவை எல்லாம் கட்டுரையில் இருக்கட்டும்.

வாக்கியத்தில்தான் கவனம் வேண்டும். "இவர்கள் குற்றப்பரம்பரையினர்" என்பது பழி. "குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டவர்கள், இன்று சீர்மரபினர் பட்டியலில் உள்ளனர்" என்பது வரலாறு. (அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்தான் சீர்மரபினர்.) ஆங்கிலக் கட்டுரையை எந்திர மொழிபெயர்ப்பில் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

கேள்வி: சிறைப் புள்ளிவிவரமே சில பிரிவினர் அதிகம் என்று காட்டுகிறதே?

சிறையில் யார் இருக்கிறார்கள் என்றுதான் அது காட்டுகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீனுக்குப் பணமில்லாதவர் உள்ளே கிடப்பார், இருப்பவர் வெளியே வந்துவிடுவார். அந்த எண்ணை வைத்து ஒரு சாதியின் குணத்தை எழுதவே முடியாது. சிறை விதிகளிலேயே சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் போக்கு இருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் கண்டித்தது.

கேள்வி: "இன்ன சமூகத்தைச் சேர்ந்த கும்பல் கைது" என்று நாளிதழில் வந்தால் சேர்க்கலாமா?

சமூகத்தின் கட்டுரையில் சேர்க்காதீர்கள். நான்கு பேரைப் பிடித்தது நான்கு பேரைப் பற்றிய செய்தி. தீர்ப்பு வரும்வரை அவர்களையும் 'குற்றவாளி' என்று எழுதக்கூடாது.

கேள்வி: அப்போது சாதியை எங்குமே குறிப்பிடக் கூடாதா?

குற்றத்தின் காரணமே சாதி என்றால் குறிப்பிட்டே ஆக வேண்டும். 1968-இல் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரும் தலித் மக்கள் என்பதை விட்டுவிட்டு எழுதினால் அது பொய். ஆணவக் கொலைக்கும் இதேதான்.

கேள்வி: கட்டுரையின் அடியில் 'பகுப்பு' (வகைப்பெயர்) போடுவதில் என்ன ஆபத்து?

பகுப்பில் மேற்கோளோ விளக்கமோ போட இடமே இல்லை. சாதிப் பெயரையும் குற்றத்தையும் இணைத்துப் பகுப்பு உருவாக்காதீர்கள்.

கேள்வி: அந்தச் சமூகத்து இளைஞர்கள் வந்து "வீரப் பரம்பரை" என்று மாற்றிவிட்டுப் போகிறார்கள். தொகுப்புப் போராகிவிடுகிறது. என்ன செய்வது?

சான்றில்லாத புகழும் நிற்காதுதான். ஆனால் பழையபடி மீளமைத்துவிட்டு நகராதீர்கள், கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் பேசுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கட்டுரையில் ஒரு புதிய பயனர், சமூகத்தின் மேல் பழி சொன்ன இரண்டாம் வரியைத் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "என் அப்பா தையல்காரர். தங்கச்சி ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு இந்தப் பக்கத்தைத்தான் பிரிண்ட் எடுக்கச் சொன்னாங்க" என்று எழுதினார். கட்டுரையின் பழைய மாற்றங்களைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தேன். அந்த வரிக்கு முதல் நாளிலிருந்தே மேற்கோள் கிடையாது. அன்றே எடுத்துவிட்டு, சட்டத்தைப் பற்றிய பகுதியை அவரோடு சேர்ந்து எழுதினேன். மாவட்ட நூலகத்துக்குப் போய் நூல்களைத் தேடி, பக்க எண்களை அனுப்பியது அவர்தான்.