வாயாடிக்கு எதிரே நல்ல கை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் ஞாயிறு சாயங்காலம் போக்கர் ஆடுகிறோம், டெக்ஸாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து). காசு கிடையாது, சிப்ஸுக்குப் பதில் புளியங்கொட்டை. அத்தான் ஒருவர் வாயை மூடவே மாட்டார். போன வாரம் என் கையில் இரண்டு 8. ஃபிளாப்பில், அதாவது நடுவில் முதலில் விழும் மூன்று சீட்டில், இஸ்பேட் ராஜா, ஆட்டின் (ஹார்ட்ஸ்) 8, ஆட்டின் 5. நடுவில் 100 கொட்டை. “ராஜா ஒங்கிட்டதான் இருக்கு மாப்ளே, மூஞ்சியே சொல்லுதே” என்று ஆரம்பித்தார். சிக்க வைக்கலாம் என்று எதுவும் போடாமல் செக் செய்தேன், அவரும் செக். டர்னில் (நான்காவது சீட்டு) கிளாவர் 2. நான் 20 போட, சிரித்துக்கொண்டே அதே அளவு போட்டுக் கால் செய்தார். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஆட்டின் ராணி. நான் செக் செய்ததும் பேச்சை நிறுத்திவிட்டு 100 போட்டார். கால் செய்தேன். அவரிடம் ஆட்டின் ஆஸும் 9-உம், ஃப்ளஷ்: ஐந்தும் ஆட்டின், என் மூன்று 8-ஐ வென்றுவிட்டது. நல்ல கை வரும்போது அவர் பேச்சுக்குப் பதில் பேசவா, சும்மா இருக்கவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேள்வி பேச்சைப் பற்றியது என்றாலும் முதலில் கொட்டைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். தவறு அங்கேதான் தொடங்கியது.

கையில் ஜோடி வைத்துக்கொண்டு ஃபிளாப்பில் மூன்றாவதைப் பார்ப்பது 100-க்கு 12 தடவைதான் நடக்கும். அப்படி அரிதாக வரும் கையில் செக் செய்தால் என்ன போகிறது என்று பாருங்கள். ஃபிளாப்பில் 100-க்குப் பாதியாக 50 போட்டு அவர் கால் செய்தால் நடுவில் 200. டர்னில் 100 போட்டால் 400. ரிவரில் 200. அவரிடமிருந்து வந்தது 350. ஃபிளாப்பில் செக் செய்துவிட்டால் அதே பாதிக் கணக்கில் டர்னில் 50, ரிவரில் 100, ஆக 150 மட்டுமே. ஒரு செக்குக்கு 200 கொட்டை விலை.

டர்னில் போட்ட 20 இன்னும் மோசம். அவருக்கு வேண்டியது ஆட்டின். மிச்சம் 9 ஆட்டின் உண்டு, ஆனால் அவற்றில் ராஜாவோ 2-ஓ விழுந்தால் உங்களுக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று 8-உம் ஒரு ஜோடியும்) ஆகிவிடும், அது ஃப்ளஷை வெல்லும். ஆகவே அவரைக் காப்பாற்றக்கூடியவை 7 சீட்டுகள். இரண்டு கைகளும் நடுவில் கிடப்பவையும் போக மீதி 44. அதில் 7 என்றால் ஏறத்தாழ 16 சதவீதம். 20 கொடுத்து 140-க்கு ஆசைப்பட அவருக்கு 14 சதவீதம் சொச்சம் இருந்தால் போதும். அவருக்கு லாபமான கால் அது, நீங்களே கொடுத்தீர்கள். 50 போட்டிருந்தால் 25 சதவீதம் வேண்டும். உங்கள் கை தெரியாமல் 9 ஆட்டினையும் எண்ணிக்கொண்டாலும் அவருக்கு 20 சதவீதம்கூட வராது.

சரியாகப் போட்டிருந்தாலும் அந்த ராணி விழுந்திருக்கும், இன்னும் கூடுதலாகவே தோற்றிருப்பீர்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 44-இல் 37 தடவை கொட்டை உங்கள் பக்கம்.

வாயாடிகளுக்கு எதிரே இது இன்னும் முக்கியம். சும்மா இருக்க முடியாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, அதாவது அந்தக் கையைக் கைவிட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கவும் பெரும்பாலும் விரும்பமாட்டார். அடுத்த சீட்டைப் பார்க்கக் காசு கொடுப்பார். அப்படிப்பட்டவருக்குப் பொறி வைப்பது வீண் வேலை. நடுவில் கிடப்பதில் பாதிக்குப் பதில் முக்கால் பங்கு போட்டுப் பாருங்கள், கால் வரும்.

இனிப் பேச்சு. “ராஜா ஒங்கிட்டதான்” என்று அவர் சொன்னது தகவல் இல்லை, தூண்டில். நீங்கள் சிரித்தாலும் முறைத்தாலும் “இல்ல அத்தான்” என்றாலும் அவருக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடும். அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று ஆராய்வதும் பலன் தராது. 2006-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 8,773 பேர் ஆடினார்கள். வென்று 1.2 கோடி டாலர் வாங்கிய ஜேமி கோல்ட் ஓயாமல் பேசியவர். பல தடவை கையில் இருப்பதை உள்ளபடியே சொன்னார், எதிரில் இருந்தவர்கள் நம்பவில்லை. கடைசி ஆட்டத்திலும் பேச்சுக் கொடுத்தபடியே, பால் வசிக்காவை ஜோடி 10-ஐ வைத்துக் கால் செய்ய வைத்தார்; கோல்டிடம் இருந்தது ராணி ஜோடி.

கேட்க வேண்டியது பேச்சு மாறும் இடத்தை. டர்ன் வரை சளசளத்தவர் ஆட்டின் ராணி விழுந்ததும் அடங்கினார், உடனே 100 போட்டார். உங்கள் கடிதத்திலேயே மிகத் தெளிவான சேதி அதுதான். பொய்க்கு ஆடுகிறவர் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் பேசி உங்களைக் கவிழ்க்க வைக்கப் பார்ப்பார், அல்லது மூச்சுக்கூட விடாமல் உறைந்துபோவார். அத்தான் எந்த ரகம் என்பதை இந்த ஒரு கையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நீங்கள் ஆடாத கைகளில் சீட்டைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள்: கடைசியில் காட்டும் கைக்கு முன்னால் வாய் என்ன செய்தது? பத்துப் பன்னிரண்டு கை பார்த்தால் பழக்கம் பிடிபடும். அவர் அடங்கினால் பலம் என்பது உறுதியானால், 140 கிடக்கும் இடத்தில் 100 போட்ட அந்தக் கையைக் கவிழ்ப்பதே சரி. அந்தக் காலுக்கு 29 சதவீதமாவது ஜெயிக்க வேண்டும்.

நீங்கள் பேசலாமா? எப்போதும் பேசுகிறவரானால் நல்ல கையிலும் பேசுங்கள், எப்போதும் சும்மா இருப்பவரானால் சும்மா இருங்கள். நல்ல கை வந்ததும் திடீரென்று ஊமையாவதும், திடீரென்று “வாங்க அத்தான், பாத்துருவோம்” என்பதும் ஒன்றுதான். கைச் சீட்டை ஒரே தடவை பார்த்து, முகம் கீழாக வைத்து, மேலே ஒரு கொட்டையை வையுங்கள். உங்கள் முறை வந்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், மட்டமான கையானாலும் சரி. பிறகு எண்ணைச் சொல்லிவிட்டு மொத்தமாக ஒரே தடவையில் தள்ளுங்கள். “கால்… அதுக்கு மேல 50” என்றால் கால் மட்டுமே செல்லும். உங்கள் முறையில் வாயால் சொன்னது கட்டுப்படுத்தும், ஆகவே விளையாட்டுக்குக்கூட “ஆல் இன்” (இருப்பதை எல்லாம் வைக்கிறேன்) என்று சொல்லாதீர்கள்.

வீட்டு ஆட்டத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று பேர் கையில் இருக்கும்போது யாரும் சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. மூன்றாமவரின் ஆட்டம் கெடும். செல்போனில் பழகுவதானால் காசில்லாத ஆப்பிலேயே பழகுங்கள். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் வந்த மத்திய சட்டம் தடை செய்கிறது.

அவர் கவிழ்த்துவிட்டு “என்ன வச்சிருந்தே, காட்டுடே” என்று கெஞ்சினால் காட்டாதீர்கள். பார்க்கக் கொட்டை கொடுக்காதவருக்கு அந்த உரிமை கிடையாது. ரிவரில் அவர் போட்டு நீங்கள் கால் செய்தால், கடைசியாகப் போட்ட அவர்தான் முதலில் காட்ட வேண்டும். “நீ காட்டு மாப்ளே” என்பார். உங்கள் சீட்டைத் தொடாமல் காத்திருங்கள்.