டெரகோட்டா நகை: நீங்கள் கேட்டதும் எனக்குத் தெரிந்ததும்

ஈரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டு வருடமாக மண் நகை செய்கிறேன். வகுப்பு எதற்கும் போனதில்லை. போன வாரம் ஒரு ஜிமிக்கிப் படம் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, யாரும் சொல்லித் தராமல் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

உடைத்துத்தான். முதலில் செய்தது பட்டு நூல் வளையல். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பழைய பிளாஸ்டிக் வளையலில் நூல் சுற்றுவேன். அது நன்றாகவே வந்தது, ஆனால் அடியில் இருக்கும் வளையலும் மேலே ஒட்டும் கல்லும் எல்லாருக்கும் ஒரே கடைத் தெருவில் கிடைப்பதுதானே, நான் செய்ததையும் பக்கத்துத் தெருவில் ஒருவர் செய்ததையும் கலந்து வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. மண்ணுக்கு வந்தது அதனால்தான். முதல் தடவை பழைய இரும்பு வாளியில் உமியைக் கொட்டி 22 உருப்படிகளைச் சுட்டேன். அரை மணி நேரத்தில் உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம். மறுநாள் கிளறிப் பார்த்தால் எட்டு மிச்சம், அந்த எட்டில் ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை.

எனக்கும் சூளையில் வெடிக்கிறது. தீ அதிகமாகிவிட்டதா?

தீயைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே தங்கிய தண்ணீர்தான் காரணம். மேல்தோல் காய்ந்து வெளுத்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும், சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் மண்ணைப் பிளந்துவிடும். தட்டையான தோடு தப்பித்துவிடும், ஜிமிக்கிக்கு மேலே வைக்கிற உருண்டைதான் முதலில் போகும். அதை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக வைக்காதீர்கள்.

நான் செய்வது இதுதான். பிசைந்த மண்ணை நூலால் இரண்டாக அறுத்துப் பார்ப்பேன், அறுத்த முகத்தில் ஓட்டை தெரிந்தால் மறுபடி பிசைவேன். செய்து முடித்ததும் முதல் நாள் செய்தித்தாள் போட்டு மூடி நிழலில் வைப்பேன், அப்புறம் தினமும் திருப்பி வைத்து நான்கைந்து நாள். மின்விசிறிக்கு நேரே வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வளைந்துவிடும். காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கடைசியாக இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன் மேல் நகைகளை அடுக்கி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். இதற்குப் பிறகுதான் உமி, வறட்டி, கொட்டாங்குச்சி எல்லாம் போட்டுச் சுடுவது. ஐப்பசி கார்த்திகையில் நான் மண்ணைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று, ஆறும் முன்னால் திறக்கக் கூடாது. சுமார் 570 டிகிரி அளவில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று பருமன் மாறும், வேகமாக ஆறவிட்டால் மயிரிழை விரிசல் விழும். ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஆசை தாங்காது, தெரியும்.

சென்னையில் அபார்ட்மெண்ட், புகை போட முடியாது. கேக் செய்யும் ஓவன் போதுமா மேடம்?

போதாதும்மா. வீட்டு ஓவன் 250 டிகிரிக்கு மேல் போகாது, மண் ஓடாக மாறுவதற்குக் குறைந்தது 600 வேண்டும். ஓவனில் வைத்ததைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கரைந்து சேறாகிவிடும். சுட்டது கரையாது, நகத்தால் தட்டினால் கிண்ணென்று கேட்கும். பக்கத்தில் குயவர் யாராவது சூளை போடுகிறார்களா என்று விசாரியுங்கள். நகைகளை ஒரு மண்பானையில் போட்டு மூடிக் கொடுத்தால் பானைகளோடு சேர்த்துச் சுட்டுத் தருவார்கள். அப்படி ஒருவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்ததில்தான் ஒரு வருடமாகப் புரியாத விஷயங்கள் எனக்குப் புரிந்தன.

கறுப்பு நிற நகைக்கு என்ன பெயிண்ட்?

பெயிண்டே இல்லை! மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. காற்றோட்டத்தோடு சுட்டால் சிவக்கும், மூடிப் புகையிலேயே வேகவிட்டால் கறுக்கும். கீழடியில் எடுத்த கறுப்பு சிவப்புப் பானைகளும் இதே தத்துவம்தான். என் வாளியில் மூடி சரியாக உட்காராத பக்கம் மட்டும் சிவந்து, பாதிக்குப் பாதி வந்த ஒரு ஜோடியை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் பழைய நூல் வளையலில் 2.4, 2.6 என்று போடுகிறீர்களே, அது இன்ச்சா?

பாதி இன்ச், பாதி குழப்பம். 2.4 என்றால் இரண்டு இன்ச்சும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது உள் விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5. இது தெரியாமல் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு கல்யாண ஆர்டரையே பெரிதாகச் செய்து திரும்பி வாங்கியிருக்கிறேன்.

காது அரிக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார்.

மண் அரிக்காது, கம்பி அரிக்கும். மலிவான கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வெள்ளிக் கொக்கி போட்டுக் கொடுத்து அந்த விலையைச் சேர்த்து வாங்குங்கள்.

விலை எப்படி வைப்பது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. மண், பெயிண்ட், கொக்கி, பெட்டி எல்லாம் ஜோடிக்கு 40 ரூபாய் ஆகும், நான் 100 ரூபாய்க்குக் கொடுத்து 60 ரூபாய் லாபம் என்று குதித்தேன். பிசைவதில் தொடங்கிப் பெயிண்ட் வரை ஜோடிக்கு இரண்டு மணி நேரம் போவதையும் பத்துக்கு ஒன்று உடைவதையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் என் கூலி மணிக்கு 30 ரூபாய்கூட வரவில்லை என்று தெரிந்தது. இப்போது அதே ஜிமிக்கி 280 ரூபாய். பேரம் பேசுகிறவர்களுக்குச் சின்ன தோடு காட்டுவேன், விலையைக் குறைப்பதில்லை.

கடையில் விற்கக் கொடுக்கலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு கடையில் 30 ஜோடி கொடுத்தேன், ஆறு மாதம் அலைந்து 11 ஜோடி திரும்பி வந்தது, மீதிக்குப் பணமும் இல்லை, பதிலும் இல்லை. எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள், முதல் தடவை ஐந்து ஜோடி போதும்.

ஆண்கள் செய்யலாமா?

தாராளமாகத் தம்பி. மண் பிசைய என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுகிறேன்.

அக்ரிலிக் பெயிண்ட் உரிகிறது, என்ன செய்வது?

சுட்ட பிறகு சாம்பல் தூசி ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து அப்புறம் அடியுங்கள். ஒரே பூச்சாகத் தடவாமல் மெல்லிசாக இரண்டு தடவை, மேலே வார்னிஷ் ஒரு கை. அதற்கும் உரிந்தால் ஒரு படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.